அடியில் போய் அண்ணாந்து பார்த்தேன்

போன ஆண்டு மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்தேன். நியூயார்க் நகருக்கு வடக்கே, பிராங்க்ஸ் ஆற்றை ஒட்டிய ஊர். சாக்கடையாகிப் போயிருந்த அந்த ஆற்றைச் சுத்தம் செய்து, கரையைப் பூங்காவாக்கி, பூங்காவுக்குள்ளேயே ஒரு சாலையும் போட்டிருக்கிறார்கள். பார்க்வே என்று பெயர். 1925இல் முடிந்த வேலை. லாரிகளுக்கு அங்கே இன்றும் அனுமதி இல்லை. செல்லூரில் பிறந்து வைகையைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, அந்தக் கரையில் நடக்க நடக்க நெஞ்சு கனத்தது.

அந்தச் சாலையின் சிறிய பாலம் ஒன்றை அளந்து வரைந்தேன். நாற்பது ஆண்டு வரைபடம் போட்ட கை சும்மா இருக்காது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அசல் கல் பாலம். வளைவின் விளிம்பு நெடுக ஆப்பு வடிவக் கற்கள், உச்சியில், வளைவை இறுக்கிப் பூட்டும் நடுக்கல்லான பூட்டுக்கல். அந்த வட்டாரத்துக் கல்லே என்பதால் ஆற்றோரப் பாறையோடு நிறம் ஒட்டிப் போகிறது. படம் எடுத்து எங்கள் தெருக் கொத்தனாருக்கு அனுப்பினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "ஐயா, அடியில் போய் அண்ணாந்து பார்த்தீர்களா?"

மறுநாள் போனேன். வளைவின் அடியில் ஒரு கல் கூட இல்லை. முழுக்கக் கான்கிரீட். சென்ட்ரிங் பலகைகளின் அச்சு, மர ரேகை உட்பட, அப்படியே பதிந்திருந்தது. பாரம் சுமப்பது கான்கிரீட். கல் அதன் மேல் போர்த்திய சட்டை. அந்தப் பூட்டுக்கல் எதையும் பூட்டவில்லை.

இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணையும், 1895இல் கட்டி முடித்தது, வெளியே கல் கட்டு, உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் சேர்ந்த கான்கிரீட்தானே! ஆனால் முகப்பை மட்டும் வரைந்து வைத்தால் பாதிப் பாலம்தான் ஏட்டில் ஏறும்.

பழைய பாலங்களையும் அணைகளையும் ஆலைகளையும் அளந்து வரைந்து, பெரிய ஃபிலிமில் படமெடுத்து, வரலாறு எழுதி நாடாளுமன்ற நூலகத்தில் சேர்க்க, அமெரிக்காவில் 1969 முதல் அரசுத் திட்டம் ஒன்று நடக்கிறது. அந்த வரைபடங்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். அவற்றைப் பார்த்துத்தான் நானும் முகப்பு, தரைப்படம், குறுக்குவெட்டு என்று வரிசையாகப் போட்டேன். குறுக்குவெட்டு மட்டும் நான்கு நாள் எடுத்தது. கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே தண்ணீர் இறங்கி, அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகக் கசிந்திருந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மகள், "அழுக்கைக்கூடவா வரைவீர்கள், அப்பா?" என்றாள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை அந்தக் கோடுகள்தான் காட்டும். அது தெரியாமல் முகப்புச் சந்துகளை மட்டும் பூசிவிட்டால், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கல்லைத் தள்ளிவிடும். ஒவ்வொரு கசிவையும் குறித்தேன்.

மதுரை திரும்பியதிலிருந்து, வைகையின் குறுக்கே நிற்கும் ஏ.வி. பாலம் (ஆல்பர்ட் விக்டர் பாலம்) கண்ணை உறுத்துகிறது. 1889இல் திறந்த பாலம். வாழ்நாளெல்லாம் அதன் மேல் போய் வந்திருக்கிறேன். சித்திரையில் அழகரைப் பார்க்க அதன் பக்கத்தில் நெரிசலில் நின்றிருக்கிறேன். அதில் எத்தனை கண், அதாவது எத்தனை வளைவு, என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

அழகருக்காகத் தண்ணீர் திறந்துவிடுவதற்குள் அளந்தாக வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோரிப்பாளையம் பக்கத்து முதல் கண்ணில் தொடங்குகிறோம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொத்தனார் கொண்டு வருகிறார்.