‘எல்லாம் நார்மல்’ என்றார்கள், அசதி மட்டும் போகவில்லை

ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினால்தான் ரத்தசோகை என்பது கணக்கு. அந்தப் புள்ளி ஒன்றை நம்பி டாக்டர் என் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டார். “எல்லாம் நார்மல்தாம்மா. மெனோபாஸ் நேரம், இந்த வயசுல அசதி இருக்கத்தான் செய்யும். வாக்கிங் போங்க.” மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவளுக்குச் சொன்ன யோசனை இது! இப்போது எழுதும்போதும் எரிச்சல்தான் வருகிறது.

காலையில் எழும்போதே உடம்பை அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். துணி மடிக்க உட்கார்ந்தால் பாதியிலேயே கை நின்றுவிடும். படுத்தால் காலுக்குள் குறுகுறுவென்று ஏதோ ஓடும், அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லும். நடுராத்திரி கழுத்தும் முதுகும் வேர்வையில் நனைந்து விழிப்பு வரும். பீரியட்ஸ் சில மாதம் எட்டிப் பார்க்காது, வந்தால் கொட்டித் தீர்க்கும். அத்தனைக்கும் சேர்த்து ‘மெனோபாஸ்’ என்று ஒரே லேபிள். அதை உறுதிப்படுத்த எஃப்எஸ்எச் டெஸ்ட் வேறு. கருமுட்டையை வளரத் தூண்டும், நாளுக்கு நாள் ஏறி இறங்கும் ஹார்மோன் அது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அறிகுறியை வைத்தே சொல்லிவிடலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நர்ஸாக இருக்கும் தோழிதான் “ஃபெரிட்டின் பாத்தியாடி?” என்று கேட்டாள். லேப் கவுன்ட்டரில் விசாரித்தால், “ஃபுல் பாடி பேக்கேஜ்லயே அயர்ன் வந்துடும் மேடம்” என்று அடித்துச் சொன்னார்கள். வந்தது சீரம் அயர்ன். ரத்தத்தில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு அது, ஒரே நாளில்கூட மாறும். உடம்பின் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். கையிருப்பு காலியாகிக்கொண்டே வந்தாலும் ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும். இருக்கிற ரத்தத்திலேயே பார்க்க முடியாதா என்றால், டாக்டர் சீட்டு வேண்டுமாம். சீட்டுக்கு ஒரு நடை, ஊசிக்கு இன்னொரு நடை.

முடிவு 11. லேப் அச்சடித்திருந்த நார்மல் அளவு 10-இலிருந்து ஆரம்பம், அதனால் தடித்த எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை. அதே டாக்டர் திரும்பவும் “ரேஞ்சுக்குள்ளதானே இருக்கு?” என்றார். உலக சுகாதார நிறுவனமே 15-க்குக் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைபாடு என்கிறது. 30-க்குக் கீழே இருந்தாலே சிகிச்சை தொடங்கும் டாக்டர்கள் பலர். ரிப்போர்ட்டில் எண்ணைப் பாருங்கள், தடித்த எழுத்தை மட்டும் தேடாதீர்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது ரத்தம் கொடுக்க வேண்டாம்.

தைராய்டு கூத்து தனி. தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 அதிகம் என்று வந்து, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று பயமுறுத்தி ஸ்கேன் வரைக்கும் பேச்சு போய்விட்டது. முடி கொட்டுவதற்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சில ஆய்வக முறைகளில் பயோட்டின் இப்படித் தலைகீழ் முடிவு தரும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இலேயே எச்சரித்த விஷயம். டாக்டரிடம் சொல்லி இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. பி12, சர்க்கரை ஆகியவற்றில் தொந்தரவு இல்லை.

டாக்டரை மாற்றினேன். புதிய மகப்பேறு மருத்துவர் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே கேட்டது: “பேட் எவ்வளவு நேரத்துக்கு ஒருதடவை மாத்துறீங்க? கட்டி கட்டியா போகுதா?” அப்பாடா என்றிருந்தது. மணிக்கொரு தடவை மாற்றும் அளவுக்குப் போனால் அது ‘வயசுக்கோளாறு’ இல்லையாம். இந்தக் கட்டத்தில் பல மாதம் கருமுட்டை வெளியேறாது, கருப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போய் மொத்தமாக உதிரும். அந்த ரத்தத்தோடு இரும்பும் போகிறது. காலில் ஓடிய குறுகுறுப்புக்கும் இரும்புக் குறைவு காரணமாகலாம் என்றார். ஸ்கேன் எடுத்து, பெரிய கட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரத்தப்போக்கைக் குறைக்க, கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைத்தார். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்து பாடாய்ப்படுத்தியது. பிறகு அடங்கியது.

இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். அப்படி எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக உறிஞ்சுமாம், வயிற்றுக்கும் தொந்தரவு குறைவு. டீ, காபி, கால்சியம் மாத்திரை எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஃபெரிட்டின் பார்க்காமல் நாமாகவே வாங்கிப் போடவும் வேண்டாம், இரும்பு அதிகமானாலும் கெடுதல்தான்.

ராத்திரி வேர்வைக்கு ஹார்மோன் சிகிச்சை பற்றி முதல் டாக்டரிடம் கேட்டபோது, “கேன்சர் வரும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பயம் 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்று புதியவர் பொறுமையாக விளக்கினார். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி வந்தவர்கள் விஷயம் வேறு, அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச். வேர்வை குறைந்ததும் தூக்கம் தொடர்ந்து வந்தது, பகலில் கண் சொக்குவதும் குறைந்தது.

“டயர்டா இருக்கு” என்று மட்டும் சொன்னால் வாக்கிங் போகச் சொல்லித்தான் அனுப்புவார்கள். படியில் மூச்சு வாங்குவது, ராத்திரி எத்தனை தடவை விழிப்பு, எத்தனை பேட் என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு போங்கள். பலமான குறட்டை இருந்தால் அதையும். மெனோபாஸுக்குப் பிறகு தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு பெண்களுக்கு அதிகமாகிறது, கேட்காமல் யாரும் பார்ப்பதில்லை. பீரியட்ஸ் 12 மாதம் முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அசதியோடு சேர்த்துத் தள்ளிப்போடாமல் உடனே காட்டிவிடுங்கள்.