பலாமரம் கூட வராது

5 ஜனவரி 2025, ஞாயிறு

தேநீர்க் கடையில் இன்று என்னை வைத்துத்தான் சிரிப்பு. ஆண்டு பிறந்ததும் புதுச் சட்டம் ஒன்று நடப்புக்கு வந்திருக்கிறது. மலேசியாவில் 80 லட்சம் பேரும் அதற்கு மேலும் பயன்படுத்தும் சமூக ஊடகங்கள் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் உரிமம் எடுக்க வேண்டும். "உங்கள் யானைக் கடைக்கும் லைசென்ஸ் உண்டா, கிராணியாரே?" என்றார் கடைக்கார அண்ணன். கிராணி என்றால் குமாஸ்தா. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையின் எடைமேடையில் எனக்கு அந்த வேலை.

யானைக் கடை என்பது மாஸ்டோடன், நான் எழுதும் சமூக ஊடகம். யானைக்குத் தூரத்து உறவான, என்றோ அழிந்துபோன ஒரு விலங்கின் பெயர். என் சர்வரில், அதாவது என் கணக்கு இருக்கும் கணினியில், இருப்பவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஒரு சுமாரான கல்யாணத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும். "80 லட்சத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆள் குறைகிறது அண்ணே" என்றேன்.

பக்கத்து வீட்டு ஆசிரியர் ஐயா மட்டும் சிரிக்காமல் விவரம் கேட்டார். எனக்குத் தெரிந்த தோட்டக் கணக்கில் சொன்னேன். ஒவ்வொரு சர்வரும் ஒரு தோட்டம். அதற்குத் தனித் துரை (மேலாளர்), தனி லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), தனிச் சட்டம். ஆனாலும் எந்தத் தோட்டத்து ஆளும் எந்தத் தோட்டத்து ஆளோடும் பேசலாம், ஏனென்றால் எல்லாத் தோட்டங்களும் ஒரே தபால் முறைக்கு ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஆக்டிவிட்டிபப் என்ற அந்த முறையை இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு 2018ல் ஏற்றுக்கொண்டது. மாஸ்டோடனை 2016ல் வெளியிட்டவர் ஜெர்மனியில் இருக்கும் ஓய்கன் ரோச்கோ. இப்படிப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் சேர்த்து ஃபெடிவெர்ஸ் என்கிறார்கள்.

"அதற்கு எதற்குப் புதுச் சொல்? கூட்டரசு என்று நம்மிடம் இருக்கிறதே" என்றார் ஐயா. பதின்மூன்று மாநிலங்கள் சேர்ந்த நாட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லை. இனி எனக்கும் அது கூட்டரசுதான்.

9 ஜனவரி, வியாழன்

நேற்றுக் காலை ஒரு வரி எழுதினேன்: "பசியாற இரண்டு ரொட்டி சானாய். இப்போதுதான் புலனம் பார்த்தேன்." மூன்று நாடுகளிலிருந்து கேள்வி வந்துவிட்டது.

புலனம் என்றால் என்ன என்று கோயம்புத்தூர்த் தம்பி கேட்டார். வாட்ஸ்அப் என்றேன். "மலேசியாவில் இவ்வளவு நல்ல தமிழா!" என்று வியந்தார். பாராட்டுத்தான். ஆனால் அந்த 'மலேசியாவில்' என்ற சொல் கொஞ்ச நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் மட்டும்தான் பசியாறுவீர்களா என்று யாழ்ப்பாணத்து அக்கா கேட்டார். ஆமாம், இங்கே பசியாறல் காலையில்தான், மதியத்தில் சாப்பாடு. அங்கிருந்து பேச்சு கித்தாவுக்குத் தாவியது. மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, அதை விட்டுவிட்டு இரப்பர் என்றே எழுதுங்கள் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். இரப்பர் மட்டும் தஞ்சாவூரில் விளைந்த சொல்லா? என் அம்மா வெட்டியது கித்தா மரம். இரப்பர் மரம் பள்ளிப் புத்தகத்தில் மட்டும்தான் வளர்ந்தது.

ஐந்நூறு எழுத்துகளுக்குள் அடக்கி அடக்கி இரவு பதினொரு மணி வரை பேசினோம். மொத்தம் ஆறு பேர். விருப்பக்குறி எத்தனை விழுந்தாலும் இங்கே முகப்பில் ஒரு பதிவு மேலே ஏறி வராது. எழுதிய நேரப்படி வரிசையில் வந்து, வரிசையிலேயே போய்விடும். கத்துபவருக்குத் தனிக் கூலி இல்லை. அதனால்தானோ என்னவோ, கடைசியில் அந்தப் பிடிவாதக்காரர், "சரி, உங்கள் அம்மாவுக்காகக் கித்தா" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனார்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். பொங்கிய பானையைப் படம் எடுத்துப் போட்டேன். வாழ்த்துகள் வந்தன. அவற்றுக்கு நடுவில் மதுரைப் பக்கத்து இசை ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: "படத்துக்கு விளக்கம் எழுதியிருந்தால் எனக்கும் பொங்கியிருக்கும்."

அவருக்குப் பார்வை இல்லை என்பது இத்தனை மாதமாக எனக்குத் தெரியாது. திரையில் இருப்பதை மென்பொருள் வாசித்துக் காட்ட, கேட்டுக்கொண்டே பழகியிருக்கிறார். என் படங்கள் எல்லாம் அவருக்கு வெறும் 'படம்', 'படம்', 'படம்'. படத்தோடு விளக்கம் எழுத ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை நிரப்புவது வேலையற்றவர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். 1,500 எழுத்துகள் வரை எழுதலாமாம், பதிவைப் போல மூன்று மடங்கு.

உட்கார்ந்து எழுதினேன். வீட்டு வாசலில் மூன்று செங்கல், எவர்சில்வர் பானை, கழுத்தில் மஞ்சள் கொத்து, பின்னால் அண்டை வீட்டுச் சீனர் நிறுத்தியிருக்கும் வெள்ளை வேன். உடனே திருப்பிக் கேட்டார்: "எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது?"

எனக்குத் தெரியவில்லை. அங்கேதான் நின்றிருந்தேன், படமும் நான் எடுத்ததுதான், ஆனால் கவனிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். நுரை சாக்கடைப் பக்கம் வழிந்திருந்தது. சாக்கடை எந்தத் திசை என்று வாசலுக்குப் போய்ச் சூரியனை வைத்துக் கணக்குப் போட்டேன். "பொங்கல் வைத்தது நான். என்னைக் கேட்டால் கிழக்கு என்று சொல்லியிருப்பேனே" என்றாள் வீட்டுக்காரி.

அதன் பிறகு விளக்கம் இல்லாமல் படம் போடுவதில்லை என்று முடிவு. மாலையில் பழைய படம் ஒன்றையும் எடுத்து எழுதிப் பார்த்தேன், ஆலையின் எடைமேடை. செம்பனைக் குலைகளோடு லாரி ஏறும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒரு எடை, கழித்தால் வருவது தோட்டத்துக்காரனின் காசு. குலை வெட்டி ஒரு நாளுக்குள் ஆலைக்கு வரவேண்டும். பிந்தினால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். உதிர்ந்த பழங்கள் மேடையில் சிதறிக் கிடப்பதும், அவற்றின் மேல் டயர் ஏறும்போது கேட்கும் சத்தமும் படத்தில் இல்லை. அவருக்காக அதையும் எழுதினேன். இத்தனை வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அதைப் பற்றி ஒரு வரி எழுதியது இதுதான் முதல் தடவை.

26 ஜனவரி, ஞாயிறு

ஒரு வருத்தம். வேறொரு சர்வரிலிருந்து சிலர் சாதிப் பெயர் சொல்லி ஏசிக்கொண்டிருந்தார்கள். புகார் பண்ணினோம். எங்கள் சர்வரை நடத்துபவர் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த சர்வரையே மொத்தமாக வெட்டிவிட்டார். சரியான முடிவு என்றுதான் நினைத்தேன், டொரொண்டோவில் இருக்கும் தாதியக்காவும் அதே சர்வர் என்பது தெரியும் வரை. அவரை நான் பின்தொடர்ந்தது, அவர் என்னைப் பின்தொடர்ந்தது இரண்டும் அறுந்தன என்று ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. பனியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுவார். தோட்டத்துக் கேட்டை மூடினால் கள்ளனும் வெளியே, விருந்தாளியும் வெளியே.

2 பிப்ரவரி, ஞாயிறு

குறைந்தபட்ச மாதச் சம்பளம் நேற்றிலிருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). முன்பு 1,500. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கு ஆகஸ்ட் வரை தவணை உண்டு. தேநீர்க் கடை அண்ணனிடம் மூன்றே ஆட்கள். சம்பளத்துக்குத்தான் தவணை எடுத்துக்கொண்டார், தே தாரிக் தேநீருக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்றே இருபது காசு ஏறிவிட்டது.

இதை எழுதியதும் இலங்கை ஹட்டன் பக்கத்து ஆசிரியை ஒருவர், "1,700 நாளுக்கா, மாதத்துக்கா?" என்று கேட்டார். மாதத்துக்கு என்றேன். அவர்கள் ஊரில் போன ஆண்டு முழுக்கத் தேயிலைத் தோட்டத்து நாள்கூலியை 1,700 ரூபாய் ஆக்குவது பற்றித்தான் பேச்சாம். ஒரே எண், இரண்டு நாட்டுத் தோட்டம். காசு வேறு, காலம் வேறு. நாங்கள் இருவரும் அரிசி விலையையும் முட்டை விலையையும் எழுதி எழுதி ஒப்பிட்டோம். முதலாளிகளின் சிரமம் உங்களுக்குத் தெரியாது என்று இடையில் ஒருவர் வந்து சொன்னார். எங்கள் கடை அண்ணனின் முகம் நினைவுக்கு வந்ததால் அவரோடு சண்டை போடவில்லை.

பதில் எழுதியவர் நான்கு பேர். சில நாள் ஒருவருமே எழுதுவதில்லை. நமக்கு நாமே பேசிக்கொள்வது போல இருக்கும். அதுவும் உண்மைதான்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்வந்தோம். கால் வீக்கம். எழுத ஒன்றும் இல்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

சர்வரை மூடப்போகிறார்கள். மூன்று மாத அவகாசம், மே 18 கடைசி நாள். நடத்துபவர் நீளமாக எழுதியிருக்கிறார்: பகலில் ஒரு வேலை, இரவில் இந்த வேலை, மாதா மாதம் வாடகை, காலையில் கண் விழித்தால் புகார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அவர் செலவில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். கேட்டபோது காசு போட்டேனா? ஒருமுறை. அதுவும் அக்கா மகனான மருமகன் தூண்டியதால்.

இரவு தூக்கம் வரவில்லை. 1984ல் அப்பாவுக்கு வேலை முடிந்தபோது தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். வேலை இருந்தால்தான் வீடு. லாரியில் கட்டில் ஏறியது, ஆடு ஏறியது, பாட்டியைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தோம். வீட்டுக்குப் பின்னால் அம்மா நட்ட பலாமரம் அந்த வருடம்தான் முதல் காய் விட்டிருந்தது. அம்மா லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கிப் போய், பிஞ்சுகளை எண்ணிவிட்டு வந்தார். ஏழு. அது மட்டும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

8 மார்ச், சனி

இடம் மாறும் முறையைப் படித்தேன். புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, பழைய பெயரை அங்கே பதிந்து, இங்கிருந்து 'நகர்த்து' என்று சொன்னால் என்னைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே அங்கு வந்துவிடுவார்கள். நான் பின்தொடர்பவர்களின் பட்டியலைக் கோப்பாக எடுத்துப் போகலாம். எழுதிய பதிவுகள் வரா. அவற்றை ஒரு மூட்டையாகக் கட்டி என் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம், ஆனால் புதிய வீட்டுச் சுவரில் மாட்ட முடியாது.

சனம் வரும், பலாமரம் வராது.

மூட்டையை இறக்கிவிட்டேன். எடைமேடை விளக்கத்தை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

30 மார்ச், ஞாயிறு

நாளை நோன்புப் பெருநாள். விடுமுறைக்கு அக்கா மகன் ஈப்போவிலிருந்து வந்திருக்கிறான். கணினி வேலை. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறிய பிறகு என்னை இந்தப் பக்கம் இழுத்துவந்தவனும் அவன்தான்.

"பெரிய சர்வர் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள் மாமா, தொல்லை இல்லை" என்றான். சொல்லிவிட்டு அவனே, "இல்லையென்றால் நாமே ஒன்று வைக்கலாம்" என்றான். சோஷியல்.கூப் என்று ஒன்று 2017 முதல் நடக்கிறதாம். உறுப்பினர்கள் பணம் கட்டி, வாக்குப் போட்டு நடத்தும் கூட்டுறவு சர்வர்.

ஆசிரியர் ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இதைச் சொல்ல வெள்ளைக்காரன் வரவேண்டுமா? நம் ஊர்க்காரர் செய்ததுதானே" என்று ஆரம்பித்துவிட்டார். துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960ல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்வெட்டுத் தொழிலாளிகளின் பங்குப் பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்கிக் காட்டியவர். ஐயா ஒரு மணி நேரம் பேசினார். ரெண்டாங் கறியின் சூடு ஆறிவிட்டது.

12 ஏப்ரல், சனி

சொந்தமாக ஒரு சர்வர் வைப்பது பற்றி எங்கள் வீட்டுக் கூடத்தில் கூட்டம். நேரில் ஐந்து பேர், திரையில் கோயம்புத்தூரும் ஹட்டனும் மதுரையும். புதிய இடம் வந்ததும் எங்கள் பழைய துரை போட்ட வெட்டு இல்லாமல் டொரொண்டோ அக்காவைத் தேடிப் பிடிக்கலாம் என்பது என் சொந்தக் கணக்கு. வெளியே சொல்லவில்லை.

ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி என்று முடிவாயிற்று. புகார்களை யார் பார்ப்பது என்று கேட்டபோது எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கடைசியில் ஹட்டன் ஆசிரியை ஒரு வாரம், நான் ஒரு வாரம் என்று ஏற்பாடு.

அப்போதுதான் வீட்டுக்காரி பலகாரத் தட்டோடு வந்து கேட்டாள்: "ஆளுக்கு ஆள் தனியாக எழுதிக்கொள்வதை நடத்துகிறவன் படிக்க முடியுமா?"

மருமகன் தலையைச் சொறிந்தான். "முடியும் அத்தை. அது பூட்டிய கடிதம் இல்லை. ஆனால் நான் படிக்க மாட்டேன்."

பணப்பையைத் திறந்திருந்த ஆசிரியர் ஐயாவின் கை அப்படியே நின்றது. "தோட்டத்தில் எல்லாருடைய கடிதமும் ஆபீசுக்குத்தான் வரும். கிராணியும் இதையேதான் சொல்வார்" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எடைமேடைக் கிராணி, எனக்கும் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பத்து வெள்ளித் தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். "இனி உங்களிடம் கைமாற்றுக் கேட்பதென்றால் வேலியோரம் வந்தே கேட்கிறேன்" என்றார்.