ஓட்டைக் காலணாவில் பச்சைப் பிசுக்கு

மூன்று வருடமாகத் திறக்காத நாணய ஆல்பத்தைப் போன மாதம் எடுத்தேன். 1944ஆம் வருட ஓட்டைக் காலணா (நடுவில் ஓட்டையுள்ள பழைய கால் அணாக் காசு) மூன்றிலும் பச்சையாக ஒரு பிசுக்கு. மழைக்காலத்தைத்தான் முதலில் திட்டினேன். உண்மையான குற்றவாளி, காசைச் செருகி வைத்திருந்த பிளாஸ்டிக் உறை. மெத்தென்று வளையும் பிவிசி பிளாஸ்டிக் உறையில், இளக்கத்துக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நாளாக நாளாகக் கசியும். பிவிசி சிதையும்போது வரும் அமிலம் செம்பை அரிக்கும்.

முதல் நாள் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி மூன்றையும் போட்டேன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகாது. வாசனை, எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து, அடுப்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். அரை மணியில் பிசுக்கு கரைந்தது. துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட்டேன். இரண்டு நாணயங்கள் தேறின. மூன்றாவதில் பச்சைக்கு அடியில் ஊசி முனை அளவுக் குழிகள். அது இனி மாறாது.

ஒரு வாரம் கழித்து அதே காசில், ஓட்டையின் ஓரம், வெளிர்பச்சைப் பொடி. தட்டினால் உதிர்ந்தது, மறுபடி வந்தது. இதை வெண்கல நோய் என்பார்கள். உள்ளே இருக்கும் குளோரைடு, ஈரமும் காற்றும் கிடைத்தால் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். பல்குச்சியால் பொடியை எடுத்துவிட்டு, பத்து நாள் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தேன், ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் மாற்றி.

இடையில் 1919 கால் அணா ஒன்றில் ராஜா கன்னத்தில் இருந்த கரும்புள்ளியும் கையை இழுத்தது. சுரண்டினால் அந்த இடம் மட்டும் வெளுத்து, புள்ளியைவிட அசிங்கமாகத் தெரியும். அதனால் தொடவில்லை. ஓரத்தில் இருக்கும் புள்ளியை மன்னிக்கிறவர்கள்கூட முகத்தில் இருந்தால் விலையைக் குறைப்பார்கள், சரி, குறையட்டும்.

இந்தப் பொறுமை சும்மா வரவில்லை. முன்பு 1918 வெள்ளி ரூபாய் ஒன்றைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். கந்தகம் பட்டு அழகாகக் கறுத்திருந்த காசு, பளபளத்தது. வாங்க வந்தவர் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, "தேய்ச்சிட்டீங்களே சார்" என்றார். எடைக்கு எடை வெள்ளி விலைதான் சொன்னார்.

மூன்றாவது காலணா இப்போது, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில். நேற்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓட்டையின் கீழ்ப்பக்கம் கடுகில் பாதி அளவு, மறுபடி வெளிர்பச்சை. நாளை திரும்பவும் தண்ணீரில் போடவேண்டும்.