பதினாலோடு எழுந்தேன்

மருந்துக்கடையில் நிற்கிறவனுக்கு வாய்க்கொழுப்பு கூடாது. "இருபது பரோட்டாவெல்லாம் ஒரு கணக்கா?" என்று மச்சினனிடம் சொன்னது நான்தான். அவன் மறுநாளே ட்ரைபாடோடு வந்து நின்றான்.

அவனுக்கு ஒரு யூடியூப் சேனல் உண்டு. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

ஊர் விருதுநகர். அதனால் எண்ணெய்ப் பரோட்டாதான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே கல்லில் எண்ணெய் தடவிச் சுடுவதோடு விடமாட்டார்கள். எண்ணெய் தேங்கி நிற்க, பரோட்டா அதிலேயே கிடந்து சிவக்கும். மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால் நாலைந்து உள்ளே போவதே தெரியாது. அந்தத் 'தெரியாது'வை நம்பித்தான் இறங்கினேன்.

30 நிமிடம், 20 பரோட்டா, கேமராவை நிறுத்தக் கூடாது, நான் எழுந்திரிக்கக் கூடாது. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர 20 நிமிடம் போல ஆகும், மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்வதுண்டு. அந்தச் சேதி போவதற்குள் முக்கால்வாசியை முடித்துவிடலாம் என்பது என் திட்டம். மத்தியானம் வேறு பட்டினி. முதல் ஆறு, ஐந்தே நிமிடத்தில் காலி.

வயிறு ஒன்றும் சொல்லவில்லை. தாடைதான் மக்கர் பண்ணியது. எட்டாவதில் காதுக்குக் கீழே கடுகடுவென்று ஒரு வலி. மொறுமொறுத்த விளிம்பு மேலண்ணத்தைக் கீறியிருந்தது போல, சால்னா பட்ட இடமெல்லாம் சுரீர் என்றது.

"கொபயாஷி மாமா, கொபயாஷி!" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து சத்தம். முந்தின ராத்திரி இரண்டு பேரும் பார்த்தது. 2001இல் நியூயார்க் கோனி ஐலண்டில் 12 நிமிடத்தில் 50 ஹாட் டாக் தின்ற ஜப்பான்காரர். அதுவரை இருந்த சாதனை 25 சொச்சம்தான். பன்னைத் தண்ணீரில் முக்கி விழுங்குவது அவர் வித்தை. நானும் பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டேன். பன்னையாவது பிழிந்து வாயில் திணிக்கலாம். பரோட்டா சால்னாவைக் குடித்து உப்பி, ஒன்று ஒன்றரையாகிவிட்டது.

பன்னிரண்டாவதில் ஒரு துண்டு தொண்டையில் நின்றது. இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இருமல் வந்து துண்டு இலையில் விழுந்தது. கல்லில் நின்ற அண்ணாச்சி கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். "போதும் தம்பி, ஏங்கடையில வேணாம்" என்றார். அப்போதே எழுந்திருக்க வேண்டும். வீம்பு. இன்னும் இரண்டு தின்றேன். பதினைந்தாவதைக் கையில் எடுத்தபோது எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. 23ஆவது நிமிடம், கீழே வைத்துவிட்டேன்.

"மாமா, இன்னும் ஆறுதான்."

"நீ வந்து உக்காரு."

எடிட் பண்ணிக் காட்டினான். தொண்டையில் அடைத்த இடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் சேர்த்து, என் முழியை மட்டும் பெரிதாக்கியிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2024 ஓணத்துக்கு வாளையாறில் இட்லிப் போட்டியில் தொண்டை அடைத்து ஒருத்தர் செத்தே போனார். அங்கேயும் சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அந்த இடத்தை வெட்டச் சொன்னேன். "மாமா, வீடியோவுல அது ஒண்ணுதான் நல்லாருக்கு" என்றான். சண்டை போட்டு வெட்ட வைத்தேன்.

அண்ணாச்சி இருபதையும் போட்டு வைத்திருந்ததால் மிச்சம் ஆறும் பார்சலாகி வீட்டுக்கு வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு நான் சுவரில் சாய்ந்து ஏப்பத்துக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து என் பெண்டாட்டி பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு சாப்பிட்டாள்.

"நல்லாத்தான இருக்கு?" என்றாள்.