வயிற்றால் போனாலும் கொரோனாவாக இருக்கலாம்

தென்காசிப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருக்கிறேன். 2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, "அண்ணே, வயித்தால போகுது, நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வந்தவர்கள் நிறைய. இருமல் இல்லை, சளி இல்லை, அப்புறம் எப்படிக் கொரோனாவாக இருக்கும் என்பார்கள். முந்தின நாள் பார்சல் வாங்கிய புரோட்டா மேல் பழி விழும்.

ஆனால் இந்த வைரஸுக்குக் குடலும் ஒரு வாசல்தான். செல்லுக்குள் நுழைய அது பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் நுரையீரலைவிடச் சிறுகுடலின் உள்சுவரில்தான் அதிகம். 2020 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட அமெரிக்காவின் முதல் நோயாளிக்கே குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் இருந்தன. அவருடைய மலத்திலும் வைரஸின் தடயம் கிடைத்தது. பிறகு பல நாடுகளில் சாக்கடை நீரைச் சோதித்துத் தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணித்ததும் இதனால்தான்.

இந்த வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் தானாக நின்றுவிடும். அதுவரை உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் வைத்தியம். அதற்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-குளுக்கோஸ் பொடியைக் கலக்கிய தண்ணீர் போதும். அதிலுள்ள குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து போனால், கெட்டுக் கிடக்கும் குடலும் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். கூடவே தண்ணீரும் ஏறும். 1971இல் மேற்கு வங்க எல்லையில் அகதிகளிடையே காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைக் கொடுத்துத்தான் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்.

கலக்கும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு உள்ளது. அதில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டம்ளரில் போட்டால் அளவு கெட்டுவிடும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரம் கழித்தும் மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். நாக்கு வறண்டு ஒட்டிக்கிடந்தது, எழுந்தால் தலைசுற்றல். ஓஆர்எஸ் குடிக்கச் சொன்னால், "எனக்கு சுகர் இருக்குல்லா தம்பி, அதுல இனிப்பு கிடக்குமே" என்றார். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் என்று நான் சொன்ன பிறகும், தன்னுடைய டாக்டரிடம் போனில் கேட்டபிறகே குடித்தார். மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையையும் நீர் பிரியும் பிரஷர் மாத்திரையையும் அந்த நாட்களில் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

அந்த அலையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை அட்டையாகப் போனதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அது வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றை மேலும் கலக்கிவிடவும் கூடும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, மயக்கம், மூச்சு வாங்குவது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கொரோனா வந்துபோய் 2 முதல் 6 வாரத்தில் விடாத காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வாந்தி, கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு வந்தால் அது எம்ஐஎஸ்-சி, அதாவது கொரோனாவுக்குப் பிறகு குழந்தையின் பல உறுப்புகளில் வரும் அழற்சியாக இருக்கலாம். பார்த்தால் குடல்வால் அழற்சி போலவே தோன்றும். ஆஸ்பத்திரியில் வைத்து இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து, ஸ்டீராய்டு கொடுத்துக் குணப்படுத்துவார்கள். மாத்திரை கேட்டு என்னிடம் வராமல் நேரே அங்கே கொண்டுபோங்கள். வீட்டில் யாருக்குக் கொரோனா வந்தது, எப்போது வந்தது என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.