சீனக்குடாவிலிருந்து வராத விமானம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவுக்குள் ஒரு ஹரிகேன் நிற்கிறது, இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானியப் போர்விமானம். பறக்காது. மூன்றில் ஒரு பங்கு அளவு, எஞ்சின் இல்லை, முக்கால்வாசி அல்பீசியாப் பலகையும் வேட்டித் துணியும்தான். செய்து முடிக்க எனக்கும் மச்சானுக்கும் 14 மாதம் போனது. நான் ஃபைபர் போட் திருத்துகிறவன், மச்சான் ஓடாவி, மரவேலைக்காரன். தொடங்கும்போது இரண்டு பேருக்கும் விமானத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

எல்லாம் அம்மப்பா சொன்ன கதையால் வந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று அவருக்குப் பத்து வயது. கரைவலை இழுக்கிற இடத்தில் நின்றாராம். முகில் ஒன்றுமில்லை, ஆனால் இடி இடித்தது என்பார். அது இடியில்லை, ஜப்பான்காரர் பிரித்தானியரின் ஹெர்மிஸ் கப்பலுக்குப் போட்ட குண்டு. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அரை மணித்தியாலத்துக்குள் மூழ்கிவிட்டது. 307 பேர் செத்தார்கள். இன்றைக்கும் கிட்டத்தட்ட 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. விமானந்தாங்கிக் கப்பல் என்று பெயர், அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. அதனுடைய சுவோர்ட்ஃபிஷ் விமானங்களைத் திருகோணமலையில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் சீனக்குடா விமானத்தளத்தில் இருந்த ஹரிகேன்கள் அன்று காலையிலேயே திருகோணமலைக்கு மேலே சண்டை பிடித்து அடிபட்டுப்போயிருந்தன. சீனக்குடாவிலிருந்து இங்கே இருபது, இருபத்தைந்து நிமிடப் பறப்புத்தான். கடற்படையின் ஃபுல்மர் போர்விமானங்கள் சில வந்து சேர்ந்தபோது கப்பல் தண்ணீருக்கு மேல் இல்லை. சரி, வராத ஒன்றை நாமாவது கொண்டுவந்து கரையில் நிறுத்துவோம் என்று நினைத்தேன். பைத்தியக்கார யோசனைதான்.

எல்லாரும் அதே காலத்து இன்னொரு போர்விமானமான ஸ்பிட்ஃபயரைச் செய் என்றார்கள். அழகான சாமான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த வளைந்த சிறகைப் பலகையில் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஹரிகேன் அப்படியில்லை, ஓடாவிக்கென்றே செய்த விமானம். உண்மையான ஹரிகேனிலேயே உடம்பின் பின்பாதி இரும்புக் குழாய்க் கூட்டுக்கு மேல் மரச்சட்டம் அடித்து, அதற்கு மேல் துணி போர்த்தியதுதான். இதைக் கேட்டதும் மச்சான் சிரித்துவிட்டான். “அப்ப இது பறக்கிற தோணிதானே, விடு, செய்வம்” என்றான்.

சிறகு முழு அளவில் 40 அடி. எங்களுக்கு 13 அடி 4 அங்குலம் வரவேண்டும். வரைபடத்தைத் துண்டு துண்டாக அச்சடித்து ஒட்டி, அதன்படி சிறகுக்கு 22 விலாச் சட்டம் அறுத்து முடித்துக் கோர்த்தால் 12 அடி 9 அங்குலம்தான் வருகிறது. இரண்டு நாள் மச்சானோடு சண்டை. கடைசியில் பார்த்தால், அச்சடித்த கடைத் தம்பி தாளுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கி அடித்திருக்கிறார். தாளை ஒருதரம் அளந்து பார்க்காதது எங்கள் பிழை. அந்த 22 சட்டமும் இப்போது கோழிக்கூட்டில் இருக்கிறது.

துணி வேலை எனக்குப் பிடித்த வேலை. அந்தக் காலத்தில் லினன் துணியைப் போர்த்தி, இறுக்கிப் பிடிக்கிற ஒரு வார்னிஷைப் பூசுவார்கள். நாங்கள் வேட்டித் துணியை நனைத்து இழுத்துக் கட்டி, மரப்பசையைத் தண்ணீர் விட்டுக் கலக்கி மூன்று பூச்சுப் பூசினோம். கச்சான் காற்று அடிக்கிற காலம், மத்தியானம் பூசினால் பின்னேரம் சுண்டினால் உடுக்குப் போலச் சத்தம் வரும். பெருமையாக இருந்தது. மார்கழி மழை வந்தது, வால் பக்கமெல்லாம் கிழவன் கன்னம் மாதிரித் தொய்ந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு மாரிக்கும் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம்.

சிறகில் பிரித்தானிய அடையாள வட்டம் கீறும்போது ஒரு சின்ன வாக்குவாதம். நடுவில் சிவப்பு வரவேண்டுமா என்று. ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காகப் பிற்பாடு இந்தப் பக்கம் பறந்த பிரித்தானிய விமானங்களில் நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். எங்களுடையது அதற்கு முந்தியது, ஆகவே சிவப்பு வைத்தோம்.

பச்சையும் மண்நிறமும் பூசிக் காயவைத்த அன்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. கனநேரம் ஒன்றும் பேசவில்லை. “ஏன் மனே, மேலால பறந்ததெல்லாம் நமக்குக் காணாதா?” என்றா. என்னிடம் பதிலில்லை. தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், விமானச் சத்தம் கேட்டால் எங்களைப் பதுங்குகுழிக்குள் தள்ளிவிட்டு, கடைசியாகத் தான் இறங்குகிறவ அவ. 1942 கதையைச் சொன்னேன். கேட்டா. “அப்ப இது குண்டு போட வந்ததில்ல, தடுக்க வந்தது” என்றா. “வரவும் இல்ல பெரியம்மா” என்றேன். உள்ளே போய்விட்டா. ஆனால் கண்காட்சிக்கு முந்தின நாள் இடது சிறகில் ஆடு முட்டிக் கிழித்தபோது, ஒட்டுப் போடப் பழைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்து தந்தது அவதான்.

கண்காட்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சிறகைக் கழற்றி லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய், சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் நிறுத்தினோம். பிள்ளைகள் விமானிக் கதிரையில் ஏற வரிசை கட்டினார்கள். பறக்குமா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் பாதிப்பேர் ஐஸ்கிறீம் வண்டிக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு வயதான மீன்பிடிகாரர் வந்தார். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூக்கு இருந்த பக்கமாகக் கடலைப் பார்த்தார். நான் நேர் கிழக்கே வைத்திருந்தேன்.

“கப்பல் அங்க இல்லயே தம்பி. இன்னும் தெற்கால. எத்தினை வலை அதுல மாட்டிப் போயிருக்கு, எனக்குத் தெரியாதா?”

கரையைத் திரும்பிப் பார்த்து, ஏதோ ஒன்றைக் கண்ணால் குறி வைத்து, கையை நீட்டிக் காட்டினார். நானும் மச்சானும் நின்ற இரண்டு பொடியன்களும் வாலைத் தூக்கினோம். அவர் போதும் என்று சொல்லும்வரை திருப்பினோம்.