கறிக்கோழியும் ஹார்மோன் ஊசியும்

கால்நடை மருத்துவம் பார்ப்பவன் என்று தெரிந்ததும் முன்பின் பழக்கமில்லாதவர்கள்கூட என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தானே வளர்க்கிறார்கள் என்பதுதான். பெரும்பாலும் பதிலை முன்பே முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். அதைத் தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதங்களைப் போலவே அதுவும் செரித்துப் போகும். ஊசியாகச் செலுத்துவதென்றால், ஒரே கொட்டகையில் வளரும் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். அதற்கு ஆகும் கூலியையும், மிரண்ட கோழிகள் தீவனம் எடுக்காமல் இழக்கும் எடையையும் கணக்கிட்டால் எந்தப் பண்ணையாளருக்கும் அது கட்டுப்படியாகாது. பழைய வரலாறு ஒன்று இருப்பதை மறைக்க வேண்டியதில்லை: ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனைச் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் பதிக்கும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது, 1959-இல் அது நிறுத்தப்பட்டது. இறைச்சி மாடுகளுக்குச் சில ஹார்மோன்களை அமெரிக்கா இன்றும் அனுமதிக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது. அது வேறு விவாதம்; கோழிக்குப் பொருந்தாது.

அப்படியானால் கோழி இவ்வளவு விரைவாக வளர்வது எப்படி? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978 ஆகிய ஆண்டுகளின் மரபுவழியை மாற்றாமல் காத்துவந்த கோழிகளையும் 2005-ஆம் ஆண்டின் வணிகக் கோழிகளையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து, முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் முதல் வகையின் எடை 905 கிராம், இரண்டாவதின் எடை 1,808 கிராம், மூன்றாவதின் எடை 4,202 கிராம். தீவனமும் பராமரிப்பும் ஒன்றாக இருந்ததால், இந்த வேறுபாடு தலைமுறை தலைமுறையாகச் செய்த இனத்தேர்விலிருந்து, அதாவது நன்றாக வளரும் கோழிகளையே தேர்ந்து இனம் பெருக்கியதிலிருந்து, வந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. கால் பலவீனமும் இதயக் கோளாறும் வேகமாக வளரும் இனங்களில் கூடுதலாகத் தென்படுகின்றன. கறிக்கோழிக் குஞ்சுகளுக்கான முட்டைகளை இடும் தாய்க்கோழிகள் மிகையாகப் பருத்துவிடாதிருக்க அவற்றுக்குத் தீவனத்தை அளந்துதான் போட வேண்டியிருக்கிறது, அதனால் அவை பசியோடு இருக்கின்றன. என் தொழிலில் எனக்கு உண்மையாகவே உறுத்தும் செய்தி இதுதான். ஆனால் இதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பாலிலும் இறைச்சியிலும் ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கிறது என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது, குழப்பமும் இருக்கிறது. நல்ல பால் பண்ணையில் கறவைக்கு முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் சில பீச்சல்களைக் கருநிற அடிப்பகுதி கொண்ட கிண்ணத்தில் விட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைத் திரிகளோ கட்டிகளோ தென்பட்டால் அது மடிநோயின் அறிகுறி. அந்த மாட்டுக்கு மருந்து கொடுத்ததும் காலில் வண்ணப் பட்டை கட்டி, அதன் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிடுவார்கள். மருந்தின் சுவடு நீங்குவதற்கென்று குறிக்கப்பட்ட நாட்கள் முடியும்வரை அது பொதுத் தொட்டியில் கலக்கக் கூடாது. நோயுற்ற விலங்குக்கு மருந்து மறுப்பது கொடுமையே தவிர தூய்மை அல்ல. நோயே இல்லாத மந்தைக்கு, வளர்ச்சியைக் கூட்டுவதற்காக மட்டும் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக்கைக் கலப்பது முற்றிலும் வேறு. மருந்துக்கு மசியாத கிருமிகளை அது வளர்க்கிறது, அவை மனிதரையும் வந்தடைகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே அதைத் தடுத்தது; அந்தத் தடையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

மனிதர் உண்ண வேண்டிய தானியத்தைக் கால்நடைகள் தின்று தீர்க்கின்றன என்பதும் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகக் கால்நடைத் தீவனத்தின் உலர் எடையில் 86 விழுக்காடு புல், வைக்கோல், தவிடு, புண்ணாக்கு போன்று மனிதர் நேரடியாக உண்ண முடியாதவை. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர் நீர் என்ற எண்ணும் விளக்கமின்றியே பரவுகிறது. அதில் 90 விழுக்காட்டுக்கு மேல், புல்லும் பயிரும் வளரும் நிலத்தில் பெய்யும் மழைநீர் என்பது உடன் வருவதில்லை.

புவியைச் சூடாக்கும் வாயுக்களின் விஷயத்தில் கால்நடை வளர்ப்பைக் குற்றமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அதே உணவு வேளாண் அமைப்பு 2013-இல் மனிதரால் உண்டாகும் உமிழ்வில் அதன் பங்கை 14.5 விழுக்காடு என்று மதிப்பிட்டது. அசைபோடும் விலங்குகளின் மீத்தேன் அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு. ஆனால் தீர்வு பழைய முறைக்குத் திரும்புவது என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1944-இல் ஒரு குறிப்பிட்ட அளவு பாலுக்குத் தேவைப்பட்ட மாடுகளில் 21 விழுக்காடும் நிலத்தில் 10 விழுக்காடும் அதே அளவு பாலுக்கு 2007-இல் போதுமானதாக இருந்தன. ஒரு கிலோ பாலுக்கான கரிமச் சுவடு, அதாவது அதனால் வெளியாகும் வெப்ப வாயுக்களின் மொத்த அளவு, 37 விழுக்காடாகக் குறைந்தது. கறவை குறைந்த பத்து மாடுகள் விடும் மீத்தேன், நன்றாகக் கறக்கும் இரண்டு மாடுகள் விடுவதைவிட நிச்சயமாக அதிகம்.

ஆகவே பண்ணையாளரைக் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊசியைப் பற்றிக் கேட்டால் அவர் சிரித்துவிட்டு எளிதாகத் தப்பித்துவிடுவார். ஒரு சதுர மீட்டரில் எத்தனை கோழிகள், முட்டைக்கோழிகள் கூண்டிலா தரையிலா, கடைசியாக எந்த மருந்தை எதற்காகக் கொடுத்தீர்கள், அறுப்பதற்கு முன் நினைவிழக்கச் செய்கிறீர்களா என்று கேளுங்கள். அப்போது அவர் பதிவேட்டைத் திறந்து காட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.